கொட்டைப்பாக்குச் சிப்பாய்

எங்கள் வீட்டுச் சதுரங்கப் பெட்டியில் 31 காய்கள்தான் இருந்தன. 32ஆவது ஒரு கொட்டைப்பாக்கு. நான் பிறப்பதற்கு முன்பே கறுப்புச் சிப்பாய் ஒன்று தொலைந்துபோயிருக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து தாத்தா ஒரு பாக்கை எடுத்து, உருண்டு ஓடாமல் இருக்க அடிப்பக்கத்தை அம்மிக்கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி, அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். அந்தச் சிப்பாயை வெட்டுவதில் எனக்குத் தனி ஆசை. வெட்டியதும் உள்ளங்கையில் வைத்து மோந்து பார்ப்பேன். "காயைத் தின்னுராதட்டி" என்பார் தாத்தா.

அம்பாசமுத்திரத்தில் தெருவைப் பார்த்த திண்ணை. கோடை விடுமுறை. பலகை என்று ஒன்று எங்களிடம் கிடையாது. காடாத் துணியில் மையால் கோடு கிழித்து 64 கட்டம் போட்டிருக்கும். எல்லாக் கட்டமும் ஒரே நிறம். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் என்று இரண்டு வகை உண்டு என்பதே பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

தாத்தாவுக்கு எதிர்த்தாற்போல் உட்காருகிறவர் எதிர்வீட்டு வாத்தியார். இருவரும் ஓர் ஆட்டத்தை இரண்டு மணி நேரம் ஆடுவார்கள். அந்த இரண்டு மணி நேரமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். நடுவில் பாட்டி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். ஆட்டம் முடிந்ததும்தான் வாயைத் திறப்பார்கள். திறந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மூடாது.

"அங்கன குதிரைய எடுத்திருந்தீர்னா நான் காலி வே."

"எடுக்கத்தான் நெனச்சேன். பெறவு உம்ம மந்திரி அந்தப் பக்கம் வந்துருவானோன்னு இருந்துச்சு."

"அவன் எங்க வாரது? அவனுக்குத்தான் வழி அடைபட்டுல்லா கெடக்கு."

நான் அவர்களிடம் முதலில் கற்றுக்கொண்டது ஆட்டத்தை அல்ல, ஆட்டத்துக்குப் பிறகு நடக்கும் இந்தப் பேச்சைத்தான். தோற்றவர் முகத்திலும் ஜெயித்தவர் முகத்திலும் அப்போது ஒரே மாதிரிக் களை இருக்கும். யார் ஜெயித்தது என்று தெருவில் போகிறவரைக் கேட்டால் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: தோற்றவர்தான் காயை அடுக்க வேண்டும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்பாவுக்கு இதில் ஈடுபாடே கிடையாது. அலுவலகம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பொழுது போகாதவன் ஆட்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாளும் அந்தத் துணிக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் இப்போது உலகம் ஆடுகிற ஆட்டம் இல்லை. அவருடைய சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் தாண்டுவதெல்லாம் கிடையாது. கோட்டை கட்டுவதும், அதாவது ஒரே நகர்வில் ராஜாவை இரண்டு கட்டம் தள்ளி யானையை அவருக்கு மறுபக்கம் கொண்டுவருவதும், கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். ஆனால் அதற்குள் ஒரு செக் வாங்கிவிட்டால் அந்தச் சலுகை போயிற்று. எட்டாவது வரிசைக்குப் போன சிப்பாய் நினைத்தபடி ராணியாக முடியாது. எந்த நெடுவரிசையில் போய்ச் சேர்ந்ததோ, அங்கே ஆரம்பத்தில் நின்ற காயாகத்தான் மாறும். ராணி என்ற பெயரும் எங்கள் வீட்டில் இல்லை. அது மந்திரி.

இந்த அறிவோடுதான் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடப் போட்டிக்குப் போனேன். மூன்றாவது நகர்விலேயே சண்டை. எதிரே இருந்த பையன் தன் சிப்பாயை இரண்டு கட்டம் தாண்ட வைத்ததைப் பார்த்து நானும் என்னுடையதைத் தாண்ட வைத்தேன். உடனே அவன் என் சிப்பாயை வெட்டினான். ஆனால் என் சிப்பாய் நின்ற கட்டத்துக்கு அவன் வரவே இல்லை. பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் தன் சிப்பாயை வைத்துவிட்டு என்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டான். நான் கத்தினேன். "அது ஆன் பாஸான்" என்றான். கெட்டவார்த்தை என்று நினைத்தேன். மேற்பார்வைக்கு நின்ற சாருக்கும் அது தெரியவில்லை. ஆனால் அவன் அவ்வளவு தைரியமாகச் சொல்கிறானே என்று அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே தோற்றேன். காயை அடுக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அது வெகுநாள் உறுத்தியது.

பல வருடம் கழித்துத்தான் அந்த விதியின் நியாயம் புரிந்தது. ஐரோப்பாவில் ஆட்டத்தை வேகமாக்குவதற்காகச் சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் கொடுத்தார்கள். அப்படித் தாண்டும்போது, எதிரிச் சிப்பாய் காத்துக்கொண்டிருக்கிற கட்டத்தில் நிற்காமலே நழுவிப் போய்விடலாம் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஆன் பாஸான். ஒரு கட்டம்தான் நீ போனாய் என்று வைத்துக்கொண்டு வெட்டுகிறேன், அவ்வளவுதான். தாத்தாவின் சிப்பாய் தாண்டவே தாண்டாது. அதனால் அவருக்கு அந்த விதி தேவைப்படவில்லை. அந்தப் பையன் சொன்னதும் சரி, தாத்தா சொல்லிக்கொடுத்ததும் சரி.

என் தோல்விக்குத் தாத்தாவின் விதிகளைக் காரணம் காட்டிக்கொண்டு கொஞ்ச காலம் திரிந்தேன். பிறகு மீர் சுல்தான் கானைப் பற்றிப் படித்ததும் அந்தச் சாக்கும் போயிற்று. பஞ்சாப்காரர். அவரும் நம்மூர்ப் பழைய விதிகளில் ஆடி வளர்ந்தவர். வளர்ந்த பிறகு சர்வதேச விதிகளைக் கற்றுக்கொண்டு, எஜமானரோடு 1929இல் லண்டன் போய், அந்த வருடமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆகிவிட்டார். 1932, 1933 என்று இன்னும் இரண்டு முறை. முன்னாள் உலகச் சாம்பியன் கப்பாபிளாங்காவையே ஒரு முறை தோற்கடித்திருக்கிறார். அவர் கண்மூடிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2024இல்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. ஆக, குற்றம் விதியில் இல்லை. ஆடியவளிடம்தான்.

மந்திரி விஷயத்திலும் தாத்தாதான் பழைய ஆள். இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாகப் போன ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது அமைச்சர்தான். குறுக்கே ஒரு கட்டம் நகரும், அதற்கு மேல் தெம்பு கிடையாது. ஐரோப்பாவில் அதற்குச் சேலை கட்டிவிட்டு, 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எட்டுத் திசைக்கும் ஓட விட்டார்கள். எங்கள் வீட்டு மந்திரிக்குப் பெயர் பழையது, ஓட்டம் மட்டும் புதியது. பாதி மாறிய நிலையில் எங்கள் தெருவில் வந்து நின்றுவிட்டிருந்தது ஆட்டம்.

அந்தப் பள்ளிக்கூடப் போட்டிக்குப் பிறகு ஒரு கால் நூற்றாண்டு காயைத் தொடவில்லை. தாத்தா போனார். படிப்பு, வேலை, கல்யாணம், சென்னை. இதில் சொல்ல ஒன்றுமில்லை.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் வந்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி சட்டையில் குதிரைத் தலையோடு போட்டியின் சின்னமான 'தம்பி' ஊரெல்லாம் நின்றான். குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தான். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பாலத்தைப் பார்த்ததுதான் அவளுக்குக் காரணம், குகேஷ் எல்லாம் பிறகு. "இந்த ரோட்டுல எப்படிம்மா வெளையாடுவாங்க?" என்றாள். தெருமுனையில் ஒரு வீட்டு மாடியில் வகுப்பு நடந்தது. சேர்த்துவிட்டேன்.

மாடிப்படியில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கைபேசி, காய்கறி, வாட்ஸ்அப். உள்ளே குழந்தைகள். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது அவர் அம்மா சுசீலா என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது மணிலா கதை. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் அங்கே இருந்தபோது, தொலைக்காட்சியில் பகலில் ஒரு செஸ் நிகழ்ச்சி வருமாம். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து அன்றைய புதிரை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். புத்தகப் பரிசாகக் குவிந்ததில், வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். எல்லாரும் இதைப் பையனின் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் நிற்பது, அடுப்பு வேலையை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா. படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் விலை பேசிக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

மகளிடமே கேட்டேன். கோட்டை கட்டுவது, ஆன் பாஸான், சிப்பாய் ராணியாவது எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "இதுகூடத் தெரியாதாம்மா?" என்ற கேள்வியோடுதான் ஒவ்வொன்றும் வரும்.

ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு லிசெஸ்ஸில் ஆட ஆரம்பித்தேன். காசு கேட்காத, விளம்பரம் இல்லாத தளம். புதிதாகச் சேருகிறவரை 1500 புள்ளியில் நிறுத்திப் பிறகு உண்மை நிலவரத்துக்குக் கொண்டுவருவார்கள். என் உண்மை நிலவரம் ஒரே வாரத்தில் 870 என்று தெரிந்தது. பெயர் தெரியாத யாரோ, எந்த நாடோ, நள்ளிரவில் என் ராணியைப் பிடுங்கிக்கொண்டு போவார். முடிந்ததும் கணினி ஆட்டத்தை அலசி, என் நகர்வுகளுக்கு நேரே சிவப்பில் இரட்டைக் கேள்விக்குறி போடும். சரியான நகர்வு எது என்று அம்புக்குறியும் காட்டும். ஏன் என்று மட்டும் சொல்லாது. அடித்துத் திருத்தி மதிப்பெண்ணைச் சுழித்துவிட்டுப் பேசாமல் போகிற வாத்தியார் மாதிரி. எதிர்வீட்டு வாத்தியார் அப்படியில்லை. "பெறவு உம்ம மந்திரி வந்துருவானோன்னு இருந்துச்சு" என்று ஒரு காரணம் சொல்வார். தப்பான காரணம்தான். அந்தத் தப்புக்குள்ளே ஓர் ஆள் இருந்தார்.

ஆனாலும் அந்த ராத்திரிகளில்தான் ஒன்று கிடைத்தது. 1921இல் ரிச்சர்ட் ரெட்டி என்பவர் அமைத்த ஒரு நிலை. ("ரெட்டியா? ஆந்திராவாம்மா?" என்றாள் மகள். இல்லை, செக்கோஸ்லோவாக்கியா.) பலகையில் மொத்தமே நான்கு காய். (கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்.) வெள்ளை ராஜா ஒரு மூலையில், எச்8இல். வெள்ளைச் சிப்பாய் தூரத்தில் சி6இல். கறுப்புச் சிப்பாய் எச்5இல், கறுப்பு ராஜா ஏ6இல். வெள்ளை ஆட வேண்டும், டிரா செய்ய வேண்டும்.

பார்த்ததுமே கைவிட்டுவிடலாம் போல இருக்கும். கறுப்புச் சிப்பாய் நான்கு எட்டு வைத்தால் ராணி. அதன் பின்னால் வெள்ளை ராஜா ஓடினால் எட்டவே எட்டாது. சரி, தன் சிப்பாயைக் காப்பாற்றலாம் என்றால், அது பலகையின் அந்தக் கோடியில், கறுப்பு ராஜாவின் கை எட்டுகிற இடத்தில் நிற்கிறது. இரண்டில் எதைத் துரத்தினாலும் நேரம் போதாது.

பாத்திரம் துலக்கிவிட்டு வந்து பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்தேன். கணினியைக் கேட்கக் கூடாது என்று பிடிவாதம். பன்னிரண்டேகால் வரைக்கும் நேர்கோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தேன். எச்7, எச்6, போச்சு. எஃப்8, இ8, அதுவும் போச்சு. பிறகு எதற்கென்று தெரியாமல், சும்மா, ராஜாவைக் குறுக்கே ஜி7இல் வைத்தேன். அடுத்து எஃப்6. அடுத்து இ5. அந்த இ5இல் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரிகிறது! கறுப்புச் சிப்பாய் ஓடினால், ராஜா டி6க்குப் போய்த் தன் சிப்பாயைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், இரண்டு பேருக்கும் ராணி வந்துவிடும். ஓடாமல் கறுப்பு ராஜா என் சிப்பாயை வெட்ட நேரம் செலவழித்தால், அந்த இடைவெளியில் எஃப்4, ஜி3 என்று திரும்பி எதிர்ச்சிப்பாயைப் பிடித்துவிடுவார். எது நடந்தாலும் டிரா.

காகிதத்தில் கோடு போட்டால் குறுக்குக்கோடு நேர்கோட்டைவிட நீளம். சதுரங்க ராஜாவுக்கு இரண்டும் ஒரே எண்ணிக்கை. ஒன்றைத் துரத்துகிற அதே நடையில் இன்னொன்றையும் துரத்தலாம். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அடுப்பை அணைக்கப் போகிறவள், போகிற வழியிலேயே கொடியில் கிடக்கும் சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலால் பூனையை வெளியே தள்ளிவிட்டுப் போகிறாளே, அது. தினமும் நடக்கிற நடைதான். நாற்பத்தைந்து நிமிஷம் எனக்கு அது தெரியவில்லை.

இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரரை எழுப்பினேன். "நல்லா இருக்கு" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். மறுநாள் காலை பால் காய்கிற நேரத்தில் மகளுக்குக் காட்டினேன். அவள் இருபது நொடியில் ஜி7 என்றாள். எரிச்சலாகவும் பெருமையாகவும் இருந்தது.

அவள்தான் என்னைப் போட்டிக்கு இழுத்துப்போனாள். வயது வரம்பில்லாத ஒருநாள் போட்டி. ஒரு கல்யாண மண்டபம். பதினைந்து நிமிட ஆட்டம், ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து நொடி கூடுதல். சுவரில் ஒட்டிய தாளில் என் பெயரும் எதிரே ஒரு பெயரும். மேசைக்குப் போனால், நாற்காலியில் முட்டி போட்டு நிற்கிறான் ஓர் எட்டு வயதுப் பையன். உட்கார்ந்தால் பலகை தெரியாது. டைனோசர் படம் போட்ட தண்ணீர் பாட்டில். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கை கொடுத்தான், பிசுபிசுவென்று இருந்தது. பாவம், மெதுவாக ஆடிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இந்த நினைப்போடு எதிரே வந்து உட்காரும் பெரியவர்களைத் தின்றுதான் அவன் வளர்ந்திருக்கிறான் என்பது பத்தாவது நகர்வில் புரிந்தது.

அவன் பலகையைப் பார்க்கவே இல்லை. நான் யோசிக்கும்போது மின்விசிறியை எண்ணினான். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தான். நான் காயை வைத்ததும் திரும்பி, டக்கென்று ஒரு காய், கடிகாரத்தில் ஒரு தட்டு. நடு ஆட்டத்தில் அவனுடைய பிஷப் என் ராணிக்குக் குறி வைத்தது. பதறிப்போய் ராணியைப் பின்னால் இழுத்தேன். நான்கு நகர்வு கழித்து அவன் குதிரை உள்ளே வந்து ராஜாவையும் யானையையும் ஒன்றாகக் கொத்தியது. அதன் பிறகு நடந்தது வெறும் சடங்கு.

ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தேன். பழக்கத்தில் காயை அடுக்க ஆரம்பித்தேன். பையன் என் கையைப் பிடித்துவிட்டான். "ஆன்ட்டி, கலைக்காதீங்க. வெளிய வாங்க, ஒண்ணு காட்டறேன்." உள்ளே பேசக்கூடாது. தாழ்வாரத்தில் அவன் அம்மா எலுமிச்சைச் சாதத்தோடு காத்திருந்தார். தரையில் இன்னொரு பலகையைப் போட்டு, எழுதி வைத்த தாள் எதுவும் இல்லாமல், ஆட்டம் முழுக்க ஒன்றுவிடாமல் ஓட்டினான். என் ராணிக்குக் குறி வைத்த இடத்தில் நிறுத்தினான்.

"இங்க நான் ரொம்ப பயந்துட்டேன் ஆன்ட்டி."

"நீயா?"

"ஆமா. பாருங்க."

பார்த்தேன். டி வரிசையில் முன்னால் என் ராணி, பின்னால் என் யானை. எதிரே அவனுடைய யானை டி8இல், இன்னொன்று ஏ8இல். அவன் ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் காற்றுகூடப் போகாமல் அடைபட்டு நின்றது.

"ராணியாலயே என் யானைய வெட்டுங்க."

"வெட்டினா என் ராணி போயிடுமே?"

"போகட்டும் ஆன்ட்டி!" சோறு வாயில் இருந்தது. தெறித்தது. "நான் இந்த யானையால ராணிய வெட்டுவேன். வெட்டியே ஆகணும், செக். அப்புறம் பின்னாடி உங்க யானை வந்து இதை வெட்டும். என் ராஜா எங்க போவான்?"

எங்கேயும் போக மாட்டான். மேட். அத்தனை நேரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் என்னை ஜெயித்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அவனை எப்படி ஜெயித்திருக்கலாம் என்று காட்டும்போது முட்டி போட்டுக் குதித்தான். "சாப்பிடுடா" என்று அவன் அம்மா தலையில் ஒரு தட்டுத் தட்டினார். திண்ணையில் எதிர்வீட்டு வாத்தியார் கையை நீட்டி நீட்டிப் பேசியது அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பையனுக்கு அவரைத் தெரியாது, அம்பாசமுத்திரம் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது.

அன்றைக்கு ஏழு சுற்றில் எனக்கு ஒன்றரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளி ஓய்வு பெற்ற ஒரு வங்கிக்காரரிடம் வாங்கிய டிரா. இருவருமே களைத்துப்போய்க் கை கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து மகளுக்கு அந்தக் கால அமெரிக்கச் சதுரங்க மேதை பால் மார்ஃபியின் ஆட்டத்தைக் காட்டினேன். 1858, பாரிஸ், இசை நாடக அரங்கின் தனி மாடம். ஒரு கோமகனும் ஒரு பிரபுவும் சேர்ந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். 17 நகர்வில் முடித்துவிட்டார். 16ஆவதில் ராணியைத் தூக்கிக் கொடுக்கிறார், அதை வெட்டக் குதிரை நகர்கிறது, திறந்த வழியில் யானை டி8க்கு வந்து மேட். எதிராளி வெட்ட ராணியைக் கொடுத்து, யானையால் டி8இல் முடிப்பது. 160 வருடமாக எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நானே அதை இரண்டு முறை பார்த்து ரசித்திருக்கிறேன். என் கைக்கு வந்தபோது ராணியைப் பின்னால் இழுத்தேன். தெரிந்திருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு போலிருக்கிறது.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் டிரா என்று முடிவு கட்டிவிட்ட நிலை. நடப்புச் சாம்பியன் டிங் லிரென் தன் 55ஆவது நகர்வில் யானையை ஒரு தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் முகம் மாறியது. பார்த்துவிட்டான். தண்ணீர் குடித்தான், நாற்காலியில் அசைந்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அவன் "ஐயோ" என்றபோதுதான் தெரிந்தது. முன்பின் தெரியாத நாங்கள் இருவரும் சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி வரைக்கும் யானையைப் பற்றிப் பேசினோம்.

டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போன பிறகு, 18 வயது உலகச் சாம்பியன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் கட்டத்தில் அடுக்கினான். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள். "ஜெயிச்சவரு ஏம்மா அடுக்குறாரு? தோத்தவங்கதானே அடுக்கணும்?" தாத்தாவின் சட்டம் எப்படியோ அவளுக்கும் போயிருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தேன். துணியைக் கரையான் அரித்துவிட்டது. காய்கள் இருந்தன. கொட்டைப்பாக்கும் இருந்தது, சுருங்கிக் கறுத்து, கிட்டத்தட்ட உண்மையான காய் மாதிரியே. மோந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை.

சென்னைக்கு வந்து மகளுக்குத் தாத்தாவின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். இதுகூடத் தெரியாதா என்று நான் கேட்கும் முறை. சிப்பாய் ஒரு கட்டம்தான் என்றதும் முகம் சுளித்தாள். ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாவும் என்றதும் கண் விரிந்தது. ஒரு மணி நேரம் ஆடினோம். அவளுக்குக் கோட்டை கட்டிப் பழக்கம், கட்ட முடியாததால் ராஜா நடுவிலேயே தவித்தது. எனக்குக் கொஞ்சம் கை ஓங்கி இருந்தது. அப்போதுதான் அவள் ராஜாவைத் தூக்கி, குதிரைபோலத் தாவி, நேராகக் கொட்டைப்பாக்கின்மேல் வைத்தாள்.

"அப்படி வெட்டக்கூடாது. தாவலாம், வெட்டக்கூடாது."

"நீ அப்படிச் சொல்லவே இல்ல."

நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. தாத்தா தாவியதுண்டு. தாவி வெட்டினாரா? வாத்தியாருடைய ராஜா ஒருமுறை தாவியபோது பெரிய வாக்குவாதம் நடந்தது ஞாபகம் இருக்கிறது. என்ன முடிவாயிற்று என்பது ஞாபகம் இல்லை. கேட்பதற்கு இருவருமே இல்லை. மணி பத்து. வேறு வழியில்லாமல் ஊருக்கு, அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா இந்நேரத்துல? எல்லாரும் நல்லா இருக்கீங்கல்லா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூக்கத்தில் வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அது உங்க தாத்தா அன்னைக்கு அன்னைக்கு மாத்திச் சொல்லுவாரு" என்றார் அப்பா. "தன் ராஜா தாவுனா வெட்டலாம்பாரு, வாத்தியார் ராஜா தாவுனா கூடாதும்பாரு."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க உக்காந்து பாத்ததே இல்லையே?"

"ஜன்னல் வழியாத் தெரியுமுல்லா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, பாக்கு எந்தக் கட்டத்துல நிக்கு? மத்த காயெல்லாம் எங்கெங்க இருக்கு, ஒண்ணொண்ணாச் சொல்லு."

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் தன் யானையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.